களத்தில் பிஎச் 6.1, ஆய்வகத்தில் 3.6: பழைய நிலக்கரிச் சுரங்க நீரும் ஓடையும்

மடும்பித்தோட்டம் (டண்டீ) | #1

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் வடக்கு நேட்டாலில், டண்டீக்கும் கிளென்கோவுக்கும் நடுவே ஒரு பண்ணைச் சரிவு. அங்கே மூடிக் கிடக்கும் நிலக்கரிச் சுரங்கத்தின் வாயிலிருந்து நீர் கசிந்து ஓடையில் சேர்கிறது. சேருமிடத்துக்குக் கீழே கல்லெல்லாம் காவி பூசினதுபோல் இருக்கிறது. ஜூலையில், மழையில்லாத நேரத்தில், மூன்று இடத்தில் நீர் எடுத்தோம். அளவெல்லாம் மி.கி./லிட்டர், மின்கடத்தல் மட்டும் மில்லிசீமன்/மீட்டர்.

சுரங்க வாய்: களத்தில் பிஎச் 6.1, மின்கடத்தல் 240, சல்ஃபேட் 1350, இரும்பு 62, மாங்கனீஸ் 7.5, அலுமினியம் 0.1-க்குக் கீழ், கால்சியம் 240, மக்னீசியம் 130, சோடியம் 150, குளோரைடு 22.
ஓடை, மேலே: பிஎச் 7.6, மின்கடத்தல் 28, சல்ஃபேட் 18, காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் திறன்) 110.
ஓடை, 800 மீட்டர் கீழே: பிஎச் 6.9, மின்கடத்தல் 74, சல்ஃபேட் 305, மொத்த இரும்பு 6.

மூன்று நாள் கழித்து ஆய்வகத் தாள் வந்தது. சுரங்க வாய் நீருக்கு பிஎச் 3.6, காரத்தன்மை சைபர் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் மீட்டர் கெட்டதா, அவர்கள் கை தவறியதா? மாடு குடிக்கலாமா, மடும்பிக்கும் (சேப்பங்கிழங்கு) பீன்ஸுக்கும் பாய்ச்சலாமா?

---

தெளிந்தநீர் (ஃபீனிக்ஸ்) | #2

800 மீட்டரில் 6.9 வந்துவிட்டதே. 7-க்குப் பக்கம். ஓடை தன்னைத்தானே சரிசெய்துகொண்டது என்றுதான் அர்த்தம். ஆய்வகம் பாட்டிலை மாற்றியிருக்கும்.

---

குடுவை (ஆய்வகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்) | #3

மீட்டரும் சரி, ஆய்வகமும் சரி. பாட்டிலுக்குள் நீர்தான் மாறியிருக்கிறது.

நிலக்கரியோடும் அதன் மேல்கீழ்ப் பாறையோடும் பைரைட் இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். காற்றும் நீரும் பட்டால் அது கரைந்த இரும்பு, சல்ஃபேட், அமிலம் மூன்றையும் ஒருசேரக் கொடுக்கும். சுரங்கத்துக்குள் ஆக்சிஜன் தீர்ந்த நிலையில் அந்த இரும்பு ஃபெரஸ் வடிவில், நிறமில்லாமல் கரைந்தே இருக்கும். வழியில் கால்சைட் (சுண்ணாம்புக்கல்லின் கனிமம்) இருந்தால் முதல் அமிலத்தைத் தின்றுவிடும். பிஎச் 6.1 அப்படி வந்தது. ஆனால் இரும்பின் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. வெளியே வந்து காற்றுப் பட்டதும் ஃபெரிக் ஆகி, காவியாகப் படியும்போது மறுபடி அமிலம் விடும். ஒரு மி.கி. இரும்பு படிய 1.8 மி.கி. காரத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) செலவாகும். இந்த வட்டிக்கணக்கைத்தான் பிஎச் மீட்டர் காட்டாது.

கணக்குப் போடுவோம். இரும்பு 62-ஐ 55.85-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கினால் 2.22. மாங்கனீஸ் 7.5-ஐ 54.94-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கினால் 0.27. பிஎச் 6.1-இல் தனி ஹைட்ரஜன் அயனி ஒன்றுமேயில்லை என்று சொல்லலாம். அலுமினியம் இருந்தால் 26.98-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும், உங்களுக்கு இல்லை. கூட்டி 50-ஆல் பெருக்கினால் சுமார் 125 மி.கி./லி. அமிலத்தன்மை. அதற்கு ஈடுகொடுக்கும் காரத்தன்மை நீரில் எவ்வளவு என்பதே கேள்வி. மூன்று நாள் கிடந்த பாட்டிலில் அளந்தால் சைபர்தான் வரும், இரும்பு அதைத் தின்று முடித்திருக்கும்.

களத்தில் சொட்டுக் கிட்டால் காரத்தன்மை பார்த்தீர்களா? இல்லையென்றால் இன்னொரு நடை போங்கள்.

---

மடும்பித்தோட்டம் | #4

இன்று பார்த்தோம். சுரங்க வாயிலேயே 85. கீழே, 800 மீட்டரில் 80.

---

குடுவை | #5

நல்லது. 125-இல் 85 போனால் 40 மிச்சம். அதாவது நிகரமாக அமில நீர், 6.1 என்பது முகமூடி. மாங்கனீஸ் தாழ்ந்த பிஎச்சில் படியாது என்பதால் பாட்டிலுக்குள் இரும்பு மட்டுமே வேலை செய்யும். அதுவும் முழுக்கப் படியாது. ஆகவே 3.6 என்பது எதிர்பார்த்த இடத்தில்தான் நிற்கிறது.

அயனிச் சமனையும் பார்த்தேன், அதாவது நீரில் நேர், எதிர் மின்னேற்றம் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். காரத்தன்மை சைபர் என்று போட்டால் நேர், எதிர் அயனிகளுக்குள் 4.9% இடைவெளி; 85 என்று போட்டால் 2%. 5%-க்குள் இருந்தால் போதும் என்று முத்திரை குத்திவிடுவது வழக்கம், அதனால் இந்தத் தவறு ஆய்வகத்தில் பிடிபடாமல் போகும். தாள் வந்ததும் இந்தக் கணக்கைப் போடாமல் எதையும் நம்பாதீர்கள்.

அடுத்த முறை ஓர் இடத்துக்கு மூன்று பாட்டில். முதலாவது, 0.45 மைக்ரான் வடிகட்டியில் அங்கேயே வடித்து, நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே இறக்கியது, கரைந்த உலோகங்களுக்கு. இரண்டாவது, வடிக்காமல் அமிலம் விட்டது, மொத்த உலோகத்துக்கு. மூன்றாவது, எதுவும் சேர்க்காமல் கழுத்துவரை நிரப்பி காற்றுக்குமிழ் இல்லாமல் மூடியது; சல்ஃபேட், குளோரைடுக்கு. மூன்றும் ஐஸ் பெட்டியில். பிஎச், மின்கடத்தல், காரத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் நான்கும் களத்திலேயே. மீட்டரை அன்று காலை 4, 7 இரண்டு பஃபரிலும் (பிஎச் தெரிந்த கரைசல்) சரிபார்க்க வேண்டும். 7-இல் மட்டும் பார்த்துவிட்டு அமில நீரில் விடுகிறவர்கள் நிறையப் பேர்.

முதல் இரண்டு பாட்டிலைக் குழப்பினால் என்ன ஆகும் என்றால், வடிக்காத நீரில் அமிலம் விட்டதும் மிதக்கும் காவித்துகள் கரைந்து ‘கரைந்த இரும்பு’ என்று தாளில் ஏறிவிடும். அமிலம் விட மறந்தால் நேரெதிர்: இரும்பெல்லாம் பாட்டில் அடியில் படிந்து, தாளில் 2, 3 என்று அழகாக வரும்.

---

பாறைக்கோடு (நிலத்தடி நீர், நியூகாசில்) | #6

எல்லாம் சரி, ஓட்டம் எங்கே? செறிவு மட்டும் வைத்துக்கொண்டு ஆற்றைப் பற்றிப் பேச முடியாது. சுரங்க வாயில் லிட்டர்/விநாடி எவ்வளவு?

வழி: 90 பாகை வெட்டு வைத்த தகடு ஒன்றைக் கால்வாயில் குறுக்கே மட்டம் பார்த்து நிறுத்துங்கள். ஓரத்தில் களிமண் அடைத்துக் கசிவை நிறுத்துங்கள். வெட்டின் அடிமுனையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்று தகட்டிலேயே அளக்கக் கூடாது. அங்கே நீர் வளைந்து தாழும். உயரத்தைப்போல 4 மடங்கு தள்ளி மேல்பக்கத்தில் அளங்கள். மீட்டரில் அந்த உயரத்தை 2.5 அடுக்குக்கு உயர்த்தி 1.38-ஆல் பெருக்கினால் கனமீட்டர்/விநாடி. 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர்/விநாடி. 9 என்றால் 3.4, 11 என்றால் 5.5. ஒரு செ.மீ. பிசகினால் கால்பங்கு போய்விடும், எனவே அடிக்கோலைச் சாய்க்காதீர்கள்.

---

மடும்பித்தோட்டம் | #7

சரியாக 10 செ.மீ. வந்தது. ஓடையில் அளக்க வசதியில்லை.

---

பாறைக்கோடு | #8

ஓடையை அளக்க வேண்டாம், சல்ஃபேட்டே சொல்லிவிடும். அது இந்த நீரில் படிவதும் இல்லை, எங்கேயும் ஒட்டுவதும் இல்லை; கலந்தால் கலந்த விகிதத்திலேயே நிற்கும். 1350-ம் 18-ம் கலந்து 305 ஆனால், 4.4-க்கு ஓடை சுமார் 16 லிட்டர்/விநாடி. மின்கடத்தலை வைத்துச் சோதியுங்கள்: 240-ஐ 4.4-ஆலும் 28-ஐ 16-ஆலும் பெருக்கிக் கூட்டி 20.4-ஆல் வகுத்தால் 74. உங்கள் தாளில் அதே 74.

இப்போது #2-க்கு வருகிறேன். ஓடை தன்னைச் சரிசெய்துகொண்டதா? அதே விகிதத்தில் இரும்பு கீழே 13.4 இருந்திருக்க வேண்டும். இருப்பது 6. மிச்சம் 7.4 எங்கே? கல்லில். 7.4-ஐ 20.4-ஆலும், மி.கி./விநாடியை கிலோ/நாள் ஆக்கும் 0.0864-ஆலும் பெருக்குங்கள்: நாளொன்றுக்கு 13 கிலோ இரும்பு அந்த 800 மீட்டருக்குள் இறங்குகிறது. ஹைட்ராக்சைடாக உலர்ந்த எடை 25 கிலோ. ஈரச் சேறாக அதைவிடப் பல மடங்கு. கூடவே ஓடையின் காரத்தன்மையும் செலவாகியிருக்கிறது: கலந்தபின் 105 இருக்க வேண்டியது 80 ஆகிவிட்டது. 6.9 என்பது குணமானதன் அடையாளம் இல்லை, மேலேயிருந்து வரும் நல்ல ஓடையின் கையிருப்பைத் தின்று வாங்கியது. வறட்சியில் ஓடை 16-இலிருந்து 3-க்கு இறங்கினால் கலவையில் இரும்பு 37. இந்தக் கையிருப்பு பெயருக்குத்தான் மிஞ்சும்.

ஜனவரியில் ஓடை 200 ஓடினால்? சல்ஃபேட் 47 என்று வரும். படம் பிடித்து ‘சுத்தமாகிவிட்டது’ என்று போடுவார்கள். சுரங்கம் அன்றும் நாளுக்கு 513 கிலோ சல்ஃபேட் விட்டுக்கொண்டுதான் இருக்கும்.

---

தெளிந்தநீர் | #9

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எமலாஹ்லேனி பக்கம் சுரங்கக் குளங்களின் படம் பார்த்திருக்கிறேன். நீலமாக, அடித்தரை தெரிகிற அளவு தெளிவாக இருக்கிறது. அது மட்டும் எப்படி நல்ல நீர் இல்லை?

---

வால்வு (சுத்திகரிப்பு நிலையம், எமலாஹ்லேனி) | #10

நம் வீடுகளில் கலங்கல் தண்ணீரில் படிகாரக்கட்டியைச் சுற்றுவார்களே, அதே வேலைதான். படிகாரத்தில் இருப்பது அலுமினியம். அமில நீர் களிமண்ணைக் கரைத்து அலுமினியத்தை வெளியே இழுக்கிறது. அந்த அலுமினியம் மிதக்கும் தூசியையெல்லாம் திரட்டிக் கீழே இறக்கிவிடுகிறது. பாசியும் இல்லை, புழுவும் இல்லை. கண்ணாடிபோல் தெரியும். எங்கள் பக்கத்தில் குளம் தெளியத் தெளியத்தான் பயப்படுவோம்.

மீனுக்கு மோசமான இடம் குளம்கூட இல்லை, கலக்கும் இடம். பிஎச் 5, 6 பக்கம் வரும்போது அலுமினியம் கரைசலிலிருந்து வெளியேறி செவுளில் படிகிறது. 3-இல் மீனே இருக்காது, 7-இல் அலுமினியம் மண்ணாகிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள சில நூறு மீட்டர்தான் கொல்லும்.

ஹைவெல்டில் (எமலாஹ்லேனியைச் சுற்றிய நிலக்கரி மேட்டுநிலம்) இது சின்ன ஓடைச் சங்கதி இல்லை. ஒலிஃபண்ட்ஸ் ஆற்றில் விட்பேங்க் அணை, க்ளெய்ன் ஒலிஃபண்ட்ஸில் மிடில்பர்க் அணை, கீழே வில்கே ஆறு சேர்ந்தபின் லோஸ்கோப் அணை, அதற்கும் கீழே பாசனம், க்ரூகர் பூங்கா, எல்லை தாண்டி மொசாம்பிக்கின் மாசிங்கிர். 1990களின் கடைசியிலிருந்து மழைக்கால வெள்ளத்தில் மட்டும் சுரங்கங்கள் கணக்குப் பார்த்து நீர் விடலாம் என்ற ஏற்பாடு இருந்தது. பாறைக்கோடு சொன்ன அதே நீர்த்தல் கணக்குதான், அனுமதிச் சீட்டோடு.

---

கல்லடிப்பூச்சி (மினிசாஸ் குழு, சாட்ஸ்வர்த்) | #11

ரசாயனத் தாள் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: மினிசாஸ். கல்லைப் புரட்டி, வலையில் உதைத்துத் தள்ளி, 13 வகைப் பூச்சிக்கூட்டத்தில் எவை இருக்கின்றன என்று குறித்து, மதிப்பெண்ணைக் கூட்டி, கிடைத்த வகைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. நல்ல நீரில் மட்டும் வாழும் ஸ்டோன்ஃபிளைக்கு 17, அழுக்கையும் தாங்கும் புழுவுக்கும் ஈ வகைக்கும் 2. கல்லோடையா, மணலோடையா என்று பார்த்து அதற்குரிய அட்டவணையில் படிக்க வேண்டும், மாற்றிப் படித்தால் தவறு.

மடும்பித்தோட்டம், உங்கள் இடத்தில் நீரின் வேதியியலைவிடக் காவிப்படிவுதான் முதலில் பூச்சியைக் கொல்லும். கல்லிடுக்கு அடைபட்டுவிட்டால் ஒளிய இடமில்லை, கல்லில் வளரும் பாசி இல்லை, முட்டை மூச்சுவிட முடியாது. ஒரு எச்சரிக்கை: குறைந்த மதிப்பெண் ‘ஏதோ கோளாறு’ என்று மட்டும் சொல்லும், சாக்கடையா சுரங்கமா என்று சொல்லாது. அதனால் அதே நாளில் மேலே ஒன்று, கீழே ஒன்று. கூடவே மின்கடத்தல். சாக்கடை என்றால் அம்மோனியாவும் குளோரைடும் சேர்ந்து ஏறும். உங்கள் தாளில் குளோரைடு 22, சல்ஃபேட் 1350. இது சுரங்கக் கையெழுத்து.

---

குடுவை | #12

குடிநீர், மாடு, தோட்டம் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை, சொல்லிவிடுகிறேன்.

குடிநீருக்கான நம் நாட்டுத் தரநிலை சான்ஸ் 241-இல் சல்ஃபேட்டின் உடல்நல வரம்பு 500, சுவை வரம்பு 250. இரும்பு 2, மாங்கனீஸ் 0.4. கீழ் ஓடையில் சல்ஃபேட் 305, இரும்பு 6: குடிக்க உதவாது. கொதிக்கவைத்தால் போகாது, நீர் வற்றி இன்னும் ஏறும். வீட்டு ஆர்.ஓ. கருவி வைக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். இரும்பை முன்னாடியே எடுக்காவிட்டால் சவ்வு சீக்கிரமே காவியில் அடைந்துவிடும்.

மாட்டுக்கு நம் நாட்டு வழிகாட்டி அளவு சல்ஃபேட் 1000. கீழ் ஓடை பரவாயில்லை. சுரங்க வாயை வேலி போட்டு மறையுங்கள்: 1350-இல் வயிறு போகும், சல்ஃபேட் வயிற்றில் சல்ஃபைடாகி செம்பைப் பிடித்துக்கொள்வதால் நாளடைவில் செம்புக் குறைபாடு வரும். இரும்பும் 62, மாட்டுக்கு 10-தான் அளவு.

தோட்டம்: சோடியம் விகிதம் (கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டது) சுரங்க வாயிலேயே 1.9-தான், மண் இறுகும் பயம் இல்லை. இது அதிர்ஷ்டம், வடக்கு நேட்டாலில் சோடியம் மிகுந்த சுரங்க நீரும் உண்டு, அதை ஹைவெல்டு அனுபவத்தை வைத்துப் பாய்ச்சக் கூடாது. உங்கள் தொல்லை இரும்பு. சொட்டுநீர்க் குழாய்க்கு 1.5-க்கு மேல் போனாலே அடைப்பு நிச்சயம். இலைமேல் தெளித்தால் கீரையெல்லாம் துருக்கறை. வாய்க்காலில் விட்டு, ஒரு நாள் தொட்டியில் தேக்கி, தெளிந்ததை எடுத்து மடும்பிக்கு விடலாம். மண்ணின் பிஎச் 5.5-க்குக் கீழே போகவிடாதீர்கள், போனால் மாங்கனீஸ் பயிரைத் தாக்கும்.

---

மடும்பித்தோட்டம் | #13

மிக்க நன்றி அக்கா. பக்கத்துப் பண்ணையார் இரண்டு யோசனை சொல்கிறார். ஒன்று, சுரங்க வாயை கான்கிரீட் போட்டு அடைத்துவிடலாம். இரண்டு, ஓடையில் பத்து லாரி சுண்ணாம்புக்கல் கொட்டலாம். எது நல்லது?

---

பாறைக்கோடு | #14

முதலாவதைக் கனவிலும் செய்யாதீர்கள். நீர் எங்கேயிருந்து வருகிறது என்று பாருங்கள். மேலே பெய்கிற மழையில் ஒரு பங்கு, இடிந்த கூரை வழியாகவும் வெடிப்பு வழியாகவும் இறங்குகிறது. ஆழத்தில் தூண் விட்டுத் தோண்டிய சுரங்கத்தில் சில சதவீதம்தான். மூடி மண்போட்ட திறந்தவெளிக் குழியில் 15%-கூட வரும். 700 மி.மீ. மழை, 100 ஹெக்டேர், 15% என்றால் ஆண்டுக்கு 1,05,000 கனமீட்டர்: விநாடிக்கு 3.3 லிட்டர், இரவு பகல் பாராமல். வாயை அடைத்தால் இந்த வரவு நிற்காது. உள்ளே மட்டம் ஏறும். 10 மீட்டர் ஏறினால் அடைப்பின்மேல் சதுர மீட்டருக்கு 10 டன். அடைப்பு தாங்கினால் நீர் அடுத்த தாழ்ந்த ஓட்டையைத் தேடும்: மறந்துபோன காற்றுத்துளை, பாறைக்குள் சுவர்போல் நிற்கும் டோலரைட்டின் (எரிகுழம்பு உறைந்த பாறை) ஓரம், பக்கத்துப் பண்ணையின் ஆழ்துளைக் கிணறு. தாங்காவிட்டால் 2022 பிப்ரவரி 14-இல் நடந்ததுதான்: எமலாஹ்லேனி அருகே க்ரோம்ட்ராயில் பழைய சுரங்கத்தின் கான்கிரீட் அடைப்பு உடைந்து அமில நீர் ஓடைவழி வில்கே ஆற்றில் இறங்கியது, மீன்கள் கூட்டமாகச் செத்தன.

அடைப்புப் போடுவதே தவறு என்று சொல்லவில்லை. உள்ளே நீர் மூடினால் ஆக்சிஜன் போகாது, பைரைட் அடங்கும். ஆனால் அது பாறை வரைபடம், அழுத்தக் கணக்கு, வடிகுழாய், கண்காணிப்பு எல்லாம் சேர்ந்த வேலை.

இன்னொன்று, காத்திருக்கலாமா என்று கேட்பீர்கள். சுரங்கம் முதல்முறை நிரம்பும்போது சுவரில் காய்ந்திருந்த உப்பெல்லாம் கரைந்து வருவதால் தொடக்கம்தான் மிக மோசம். நிரம்ப எவ்வளவு காலமோ, அதைப்போல ஏறக்குறைய 4 மடங்கு காலத்தில் அது தணியும். பிறகு நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டையில் உள்ள பைரைட் கொடுப்பது மட்டும் மிஞ்சும். அது பல பத்தாண்டு போகும். உங்கள் சுரங்கம் எந்த ஆண்டு மூடியது என்று தேடுங்கள். 1913 அக்டோபரில் நம் ஆட்கள் (இந்தியத் தொழிலாளர்கள்) வேலைநிறுத்தம் செய்த நியூகாசில் காலத்துத் தோண்டல்கள்கூட இந்த மாவட்டத்தில் உண்டு. எல்லாவற்றுக்கும் வரைபடம் இருக்கிறது என்று நம்ப வேண்டாம்.

---

வால்வு | #15

இரண்டாவது யோசனைக்கு நான். ஓடையில் கொட்டிய சுண்ணாம்புக்கல்மேல் சீக்கிரமே காவி தோல்போலப் படியும். உள்ளே கல் இருக்கும், நீருக்கு எட்டாது. பத்து லாரி கல் வெறும் சிவப்புக் கல்லாகும்.

அதே கல்லைக் காற்றுப்படாமல் வைத்தால் கதை வேறு. சுரங்க வாயிலேயே, நீர் காற்றைப் பார்க்குமுன், புதைத்த கல்வாய்க்கால் வழியாக விடுவது. நிபந்தனை மூன்று: கரைந்த ஆக்சிஜன் 1-க்குக் கீழ், ஃபெரிக் இரும்பு 1-க்குக் கீழ், அலுமினியம் 1-க்குக் கீழ். அலுமினியம் உங்களுக்கு இல்லை. மற்ற இரண்டையும் அளந்து பார்த்துத்தான் பேச வேண்டும். அலுமினியம் உள்ள நீரை இதில் விட்டால் கல்லிடுக்கில் வெள்ளைக் கூழ் அடைத்து, நீர் பக்கவாட்டில் பீறிக்கொண்டு வரும்.

அளவு: 4.4 லிட்டர்/விநாடி என்றால் மணிக்கு 15.8 கனமீட்டர். கல்லுக்குள் 15 மணி நேரம் தங்க 238 கனமீட்டர் இடைவெளி வேண்டும். இடைவெளி 45% என்று வைத்தால் 528 கனமீட்டர் கல், சுமார் 790 டன். இது குறையாமல் நிற்க வேண்டிய அளவு. காரத்தன்மையை 200 ஏற்றுவதாக வைத்தால் நாளுக்கு 76 கிலோ கல் கரையும். 20 ஆண்டுக்கு, 90% தூய்மையில், இன்னும் 617 டன். மொத்தம் 1400 டன். பத்து லாரி இல்லை. டோலமைட் கல் வேண்டாம், மெதுவாகக் கரையும். மேலே கனத்த பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் களிமண். நீர் வெளியேறும் வாய் கல்மட்டத்துக்கு மேலே இருந்தால்தான் கல் எப்போதும் மூழ்கியிருக்கும், காற்று நுழையாது.

அதற்குப் பிறகு படிவுக் குளமும் நாணல் சதுப்பும். உங்கள் இரும்பு நாளுக்கு 23.6 கிலோ, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 கிராம் என்று வைத்தால் 2,360 சதுர மீட்டர். மாங்கனீஸுக்கு இது போதாது. 2.85 கிலோ மாங்கனீஸுக்கு அரை கிராம் கணக்கில் 5,700 சதுர மீட்டர் கேட்கும், அதுவும் இரும்பு தீர்ந்த பிறகே தொடங்கும். படிவுக் குளத்தை எப்படித் தூர்வாருவது, சேற்றை எங்கே போடுவது என்பதை முதல் நாளே தீர்மானியுங்கள். பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

---

தெளிந்தநீர் | #16

நீற்றிய சுண்ணாம்பு போடக்கூடாதா? மலிவு.

---

வால்வு | #17

போடலாம். கணக்குக்கு நாளுக்கு 35 கிலோ. சரக்கின் தூய்மை, கரைந்த கார்பன் டைஆக்சைடு இரண்டையும் சேர்த்தால் 50 பக்கம் வரும். மலிவுதான், ஆனால் நாளும் ஆள் வேண்டும். மின்சாரம் போன நேரத்தில் கலக்கி நின்றால் சுண்ணாம்புப்பால் குழாயில் கட்டிவிடும். மாங்கனீஸையும் எடுக்க பிஎச் 9.5-க்கு ஏற்ற வேண்டும். அலுமினியம் உள்ள நீரில் 9-க்கு மேல் போனால் படிந்த அலுமினியம் திரும்பக் கரையும்.

இதில் எதுவும் சல்ஃபேட்டைத் தொடாது. 1350 உள்ளே போனால் 1350 வெளியே. சுண்ணாம்பால் சல்ஃபேட் குறைய வேண்டுமானால் ஜிப்சமாகப் படிய வேண்டும். ஜிப்சம் அவ்வளவு எளிதில் படியாது, 1500 முதல் 2500 வரை கரைந்தே நிற்கும். உங்கள் நீர் அந்த வாசலுக்கே வரவில்லை. காவி போகும், பூச்சி திரும்பும், உப்பு அப்படியே தூக்கேலா ஆற்றுக்குப் போகும். சல்ஃபேட்டை எடுப்பது ஆர்.ஓ. வேலை. எமலாஹ்லேனியில் 2007 முதல் நடக்கும் நிலையத்தில் முதலில் சுண்ணாம்பு, பிறகு அல்ட்ராஃபில்டர், ஆர்.ஓ., மிஞ்சிய உப்புநீரில் ஜிப்சத்தைப் படியவைத்து மறுபடி ஆர்.ஓ. என்று அடுக்கடுக்காகப் போய் 99% அளவுக்கு நீரை மீட்டு நகராட்சிக்குக் குடிநீராகக் கொடுக்கிறார்கள். விநாடிக்கு 4 லிட்டர் ஊற்றுக்கு அது கட்டுப்படியாகாது.

---

குடுவை | #18

வெட்டு வேலையைத் தொடங்குமுன் ஒரு விஷயம். 1998 தேசிய நீர்ச் சட்டம், பிரிவு 19: மாசு வராமல் தடுக்கும் பொறுப்பு சுரங்கக்காரருக்கு மட்டும் இல்லை, நிலத்தின் உரிமையாளர், அதைக் கையில் வைத்திருப்பவர், பயன்படுத்துபவர் எல்லோருக்கும். ‘சுரங்கம் எனக்கு முன்னாடியே இருந்தது’ என்பது மட்டும் பதில் ஆகாது. அதே சட்டம் பிரிவு 21-இல் ஓடையைத் திருப்புவது, கரையையோ படுகையையோ மாற்றுவது இரண்டும் அனுமதி தேவைப்படும் நீர்ப்பயன்பாடு. ஆகவே சதுப்பை ஓடைக்குள் கட்டாதீர்கள், ஊற்றுக்கும் ஓடைக்கும் நடுவே கட்டுங்கள், நீர்த்துறைக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். இயங்கும் சுரங்கம் என்றால் 1999 ஜூன் 4 அரசு அறிவிப்பு 704 பொருந்தும்: நல்ல நீரும் கெட்ட நீரும் தனித்தனி வழி, கெட்ட நீர்க் குளம் 50 ஆண்டில் ஒரு முறைக்கு மேல் வழியக் கூடாது, விளிம்புக்குக் கீழே 0.8 மீட்டர் காலி.

---

மடும்பித்தோட்டம் | #19

இனி எத்தனை தடவை நீர் எடுக்க வேண்டும்? மாதம் ஒன்று போதுமா?

---

பாறைக்கோடு | #20

மாதம் ஒன்று, அதோடு முதல் மழை. அதை மட்டும் தவற விடாதீர்கள். வறண்ட மாதங்களில் கரிக்கழிவு மேட்டிலும் ஊற்றோரத்திலும் வெள்ளையாக, மஞ்சளாக உப்புப் பூக்கும். தொட்டால் மாவுபோல் உதிரும். அது காய்ந்த அமிலமும் உலோகமும். செப்டம்பர், அக்டோபர் முதல் இடிமழையில் எல்லாம் ஒரேயடியாகக் கரைந்து இறங்கும். மாதாந்தர மாதிரியில் அது சிக்கவே சிக்காது. 2012 ஜனவரியில் கரோலினா ஊருக்கு நடந்தது இந்த வகைதான்: கனமழையில், சுரங்கங்களுக்குக் கீழே சதுப்பில் தேங்கியிருந்த அமில நீர் அடித்துக்கொண்டு போஸ்மன்ஸ்ப்ரூட் அணைக்குள் போனது, அணையின் பிஎச் 3.7-க்கு இறங்கியது, குழாய்நீர் குடிக்க முடியாமல் போனது. ஜூலையில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் 72 மணி நேரத்துக்குள் நீர் கொடுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது.

கீழ் ஓடையில் மின்கடத்தல் பதிவுக்கருவி ஒன்றை இரும்புக் குழாய்க்குள் வைத்துப் பாறையில் கட்டிவிடுங்கள், 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு. மழையில் மின்கடத்தல் இறங்கத்தான் வேண்டும். இறங்குமுன் ஏறினால் அது உப்பு கழுவி வருவது.

---

கல்லடிப்பூச்சி | #21

பிளாஸ்டிக் குழாய் போதும் அண்ணே. இரும்புக் குழாய் என்றால் அதுவே துருப்பிடித்து, கருவியின் முனையில் ஏறுவது சுரங்கத்துக் காவியா குழாயின் துருவா என்று தெரியாமல் போகும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முனையை எலுமிச்சை உப்பில் ஊறவைத்துத் துடையுங்கள், இல்லாவிட்டால் அளவு நழுவும்.

---

பாறைக்கோடு | #22

சரி, பிளாஸ்டிக். துளை போட மறக்காதீர்கள், ஓட்டம் உள்ளே புக வேண்டும்.

---

மடும்பித்தோட்டம் | #23

ஊற்றில் கரைந்த ஆக்சிஜன் இன்று அளந்தோம்: வாயில் 0.6, இரண்டு மீட்டர் தள்ளி 3.1. ஃபெரஸ் கிட் நாளை வருகிறது. சுண்ணாம்புக்கல்லுக்கு விலை கேட்டிருக்கிறேன்.

---

வால்வு | #24

0.6 நல்ல செய்தி. ஆனால் இரண்டு மீட்டரில் 3.1 என்றால் குழாயைச் சுரங்க வாய்க்குள்ளேயே, இடிபாட்டுக்குப் பின்னாடியே செருக வேண்டியிருக்கும். யாரும் உள்ளே நுழையாதீர்கள். ஆக்சிஜன் இல்லாத காற்று உள்ளே நிற்கும், வாசனை எதுவும் வராது. வெளியிலிருந்து துளையிட்டுச் செருகுகிற ஆளைப் பாருங்கள். ஃபெரிக் அளவு வந்ததும் போடுங்கள், கல்லின் அளவைத் திரும்பக் கணக்குப் பார்ப்போம்.